மொட்டை மாடியில் 15 பேருக்குக் கரி அடுப்பு விருந்து: கடையில் எதை ரெடியாக வாங்கலாம், எதைக் கையால் செய்ய வேண்டும்

மே இரண்டாவது வாரம், வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டு மொட்டை மாடி, ஊரிலிருந்து வரும் அண்ணன் அக்கா பிள்ளைகளையும் சேர்த்து 15 பேர், அதில் 5 பேர் சைவம், கையில் 3,000 ரூபாய். "எனக்குச் சமையல் அவ்வளவாக வராது, கடையில் ரெடியாகக் கிடைப்பதை வாங்கி, கரி அடுப்பில் சுட்டுச் சாப்பிடுகிற மாதிரி ஒரு சாயங்காலம் நடத்த முடியுமா, என்னென்ன வாங்கலாம், மழை வந்தால் என்ன செய்வது?" இதுதான் உங்கள் கேள்வி. பார்த்தால் சாமான் பட்டியல் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, எந்த வேலையைக் கடைக்காரர் கையில் விட்டால் பரவாயில்லை, எதை விட்டால் சாப்பாட்டில் பாக்கெட் வாடை அடிக்கும், எதை விட்டால் யாருக்காவது வயிறு கெடும் என்பதுதான். அது பிடிபட்டுவிட்டால் பட்டியலை நீங்களே போட்டுவிடுவீர்கள்.

நான் கேட்டரிங் படித்து, சென்னையில் ஓட்டல் சமையலறையில் சில வருஷம் இருந்துவிட்டு, 2005இலிருந்து வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். 20 பேர், 30 பேர், அதிகம் போனால் 60 பேர். கீழே சொல்வதில் ஒரு பாதி படிப்பிலும் ஓட்டலிலும் சொல்லிக்கொடுத்த கணக்கு, அதை மாற்ற முடியாது. மறுபாதி என் கைப்பழக்கம், உங்கள் அடுப்புக்கும் உங்கள் வீட்டார் நாக்குக்கும் தகுந்தபடி அது மாறலாம். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். மீனைப் பற்றி எழுதவில்லை. கரியில் மீன் சுட வேறு கைப்பக்குவம் வேண்டும், என் பழக்கம் கோழியும் காய்கறியும்தான்.

ருசிக்கு முன்னால் வெயில். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும், நீங்கள் சொல்கிற வாரம் அதன் நடுவில் வருகிறது. செய்தியில் 104, 106 டிகிரி என்று சொல்வது ஃபாரன்ஹீட்டில், செல்சியஸில் அது 40, 41. சமையலறைக் கணக்கில், 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கிற உணவில் கிருமி பெருகும். சாதாரணமாக வெளியில் இரண்டு மணி நேரம் வரை விடலாம், சுற்றுப்புறம் 32 டிகிரிக்கு மேலே போனால் ஒரு மணி நேரம்தான். வேலூரில் மே மாதம் சாயங்காலம் ஏழு மணிக்குக்கூட மாடித் தளம் அனலாகத்தான் இருக்கும், அதனால் உங்களுக்கு ஒரு மணி நேரக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது உறுதியான வகை. இதிலிருந்தே கடைக்குப் போகிற வரிசையும் வந்துவிடுகிறது: கரி, இலைத் தட்டு, மசாலா, வெங்காயம் எல்லாம் முதல் நாளே, தயிரும் பன்னீரும் அன்று காலை, கோழி எல்லாவற்றுக்கும் கடைசியில், வாங்கிய கையோடு வீட்டுக்கு. கோழியை வண்டியில் மாட்டிக்கொண்டு வழியில் தர்பூசணிக்கு நின்று, தண்ணீர் கேனுக்கு நின்று என்று சுற்ற வேண்டாம்.

குளிர்ச்சிக்குப் பெரிய ஐஸ் பெட்டி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். நம் ஊரில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை, குளிர்ச்சியாக வைக்கிற மருந்துகள் தெர்மகோல் பெட்டியில்தான் வரும், பழக்கமான கடையில் கேட்டால் காலிப் பெட்டி கொடுப்பார்கள். உள்ளே சுத்தமான பிளாஸ்டிக் உறை போட்டு ஐஸ் நிரப்பிக்கொள்ளுங்கள். ஐஸிலும் இரண்டு வகை உண்டு. மீனுக்கும் சரக்குக்கும் போடுகிற கட்டி ஐஸ் குடிக்கிற ஐஸ் கிடையாது, அதை அடையாளம் காட்ட நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் முதல் சொல்லியிருக்கிறது. நீலம் தெரியாவிட்டாலும் கட்டி ஐஸைப் பாட்டிலைச் சுற்றி வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். சர்பத்துக்குள் போட சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் வரும் ஐஸ்தான், இல்லாவிட்டால் முதல் நாள் உங்கள் பிரிட்ஜில் நீங்களே கட்டிய ஐஸ்.

இனி கோழி. சூப்பர் மார்க்கெட்டில் மசாலா தடவியே விற்கிறார்கள், சமையல் வராதவருக்கு அதுதான் சுலபம் என்று தோன்றும். நான் வாங்குவதில்லை, வாங்கச் சொல்வதுமில்லை. மசாலாவின் எடைக்கும் கோழியின் விலையைக் கொடுக்கிறோம், அதோடு கோழி புதியதா என்று மூக்கால் பார்க்கிற வாய்ப்பும் போய்விடுகிறது. அதே மாதிரி எலும்பில்லாத நெஞ்சுக்கறியும் வேண்டாம். விலை கூடுதல், கொழுப்பு கிடையாது, கரியில் இரண்டு நிமிஷம் கூடினால் சக்கையாகிவிடும். கறிக்கடையில் தோல் உரித்த கால் பகுதியாகக் கேளுங்கள், தொடையும் காலும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எலும்பு வரை இரண்டு கீறல் போட்டுத் தரச் சொல்லுங்கள். இந்த வேலைக்குக் கடைக்காரர் தனியாகக் காசு கேட்கமாட்டார், வீட்டில் உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம். அசைவம் சாப்பிடுகிற 10 பேருக்கு எலும்போடு இரண்டரைக் கிலோ போதும். வீட்டில் கழுவினால் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அடியில் பிடித்தால் தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற வெங்காயத்திலும் தட்டிலும் போய் உட்காரும்.

பாக்கெட் மசாலாவில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கடையில் "சிக்கன் 65 மசாலா", "கபாப் மசாலா" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கை போகும். நம் பக்கத்திலும் பெங்களூர் பக்கத்திலும் கபாப் என்றால் எண்ணெயில் பொரித்த கோழியும்தான், அந்தப் பாக்கெட்டுகள் பலவற்றில் சோள மாவோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும். எண்ணெயில் போட்டால் மொறுமொறுப்பு தருகிற அந்த மாவு கரி மேலே போனால் மேல்பக்கம் கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும், அதில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. மாவு இருந்தால் வைத்துவிடுங்கள். உப்பு முதல் மூன்றுக்குள் வந்தால், நீங்கள் தனியாகப் போடுகிற உப்பைப் பாதியாகக் குறையுங்கள். இந்த ஒன்றைக் கவனிக்காமல் 2011இல் காட்பாடியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் 6 கிலோ கோழியைக் கரிக்கக் கரிக்கக் கொடுத்தேன். பாக்கெட்டிலும் உப்பு, இஞ்சி பூண்டு விழுதிலும் உப்பு, மேலே நான் வழக்கம் போலப் போட்ட உப்பு. குழந்தைகள் ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மசாலாவைக் கலந்ததும், கோழி அதில் படுவதற்கு முன்பே, ஒரு ஸ்பூன் எடுத்து தோசைக் கல்லில் சுண்ட வைத்து நக்கிப் பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோழி சேர்ந்த பிறகு பச்சை மசாலாவை வாயில் வைக்கக் கூடாது, உப்பைப் பார்க்கிற ஒரே சமயம் அதற்கு முன்புதான்.

அளவு சொல்கிறேன். கோழி எடையில் நூற்றுக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரைப் பங்கு உப்பு சரியாக இருக்கும், இரண்டரைக் கிலோவுக்கு 31 முதல் 37 கிராம், அதாவது எல்லா வழியிலும் சேர்ந்து சுமார் இரண்டு மேசைக் கரண்டி. தயிர் 300 கிராம், பாக்கெட் தயிரே போதும், ஆனால் அரை மணி நேரம் மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மசாலா கோழியில் ஒட்டாது. இஞ்சி பூண்டு விழுது 100 கிராம். இதைத் தாராளமாகக் கடையில் வாங்கலாம், நானே அவசரத்துக்கு வாங்குகிறேன். ஆனால் அதில் கெடாமலிருக்கப் புளிப்பும் உப்பும் சேர்த்திருப்பார்கள், இஞ்சியின் காரம் அடங்கிப் போயிருக்கும். ஒரு விரல் நீளம் புது இஞ்சியைத் தட்டிக் கூடச் சேர்த்தால் பாட்டில் விழுதின் மந்தம் போய்விடும். சின்னக் கடைகளில் கவரில் கட்டி விற்கிற விழுது வெயிலில் பொங்கிப் புளித்துவிடும், அதை மட்டும் தவிருங்கள். நிறத்துக்குப் பொடி போட வேண்டாம், காஷ்மீரி மிளகாய்த் தூளே சிவப்பு கொடுக்கும். நேரம் இருந்தால், ஆம்பூர் பிரியாணிக்குச் செய்கிற மாதிரி, காய்ந்த மிளகாய் 12, 15ஐ வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். கரிப் புகையோடு அது சேரும்போது வருகிற மணம் எந்தத் தூளிலும் வராது. இந்த வரி என் நாக்கு சொல்வது, கட்டாயமில்லை.

கோழி மசாலாவில் பிரிட்ஜுக்குள் மூன்று நான்கு மணி நேரம் ஊறட்டும். அடுத்ததுதான் உங்களுக்கு நான் சொல்கிற பெரிய குறுக்குவழி: பச்சைக் கோழியைக் கரியில் வேகவைக்காதீர்கள். வீட்டு அடுப்பில் அகலமான பாத்திரத்தில், தண்ணீர் விடாமல், மூடி போட்டு, மிதமான தீயில் 20, 25 நிமிஷம் முழுசாக வேகவிடுங்கள். அதன் தண்ணீரே போதும். வெந்ததும் மூடியைத் திறந்து மசாலாவைச் சுண்டவிடுங்கள். மாடியில் கரி செய்ய வேண்டியது ஆறேழு நிமிஷ வேலை மட்டும்: புகை ஏற்றுவது, ஓரம் கருக வைப்பது. பாத்திரத்தில் மிஞ்சிய கெட்டி மசாலா வெந்ததுதான், அதைத் தாராளமாகக் கோழி மேலே தடவித் தடவிச் சுடலாம். பாதி வேகவைத்து வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கரியில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது மட்டும் கூடாது. பாதி வெந்த சூட்டில் கிருமி சாகாது, பெருகும். முழுசாக வேகவைத்ததைச் சூடாகவே மேலே கொண்டுபோங்கள், கரி தயாராகவில்லை என்றால் பாத்திரத்தைச் சின்னத் தீயிலேயே வைத்திருங்கள். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் வெந்தது என்று அர்த்தம், இதில் சந்தேகமே இல்லை. எலும்போரம் குத்திப் பார்த்துச் சிவப்பு நீர் வரவில்லை என்றால் வெந்தது என்று வீட்டில் சொல்கிற அடையாளம் பெரும்பாலும் சரி, எப்போதும் சரி என்று சொல்லமாட்டேன். அதனால்தான் பாத்திரத்தில் 20 நிமிஷத்துக்குக் குறைக்க வேண்டாம் என்கிறேன்.

சைவம் சாப்பிடுகிற ஐந்து பேருக்கு ஏதோ ஓரத்தில் இரண்டு பன்னீர்த் துண்டு என்று விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்த மாலையின் நல்ல பண்டமே அவர்கள் பக்கம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கத்திரிக்காய் அவ்வளவு நல்லது. அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளைகிற முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, காம்பிலும் மேல் தொப்பியிலும் முள் இருக்கும், கையில் குத்தும். நேதாஜி மார்க்கெட்டில் காலையிலேயே போய் முள் உதிராத, தோல் பளபளக்கிற காயாகப் பொறுக்குங்கள், ஒன்றரைக் கிலோ. எண்ணெய் தடவி, நாலு இடத்தில் கத்தியால் குத்தி, முழுசாகக் கரி நெருப்பிலேயே போட்டுவிடுங்கள். குத்தாமல் போட்டால் ஆவி கட்டி வெடிக்கும். தோல் முழுக்கக் கருகி, காய் தொய்ந்து விழுந்ததும் எடுத்து, ஒரு பாத்திரத்தில் பத்து நிமிஷம் மூடி வையுங்கள், தோல் தானாகக் கழன்று வரும். அதைக் கையால் மசித்து, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், கெட்டியான புளிக்கரைசல் இரண்டு ஸ்பூன், உப்பு, பச்சையாகவே நல்லெண்ணெய். அடுப்பு, தாளிப்பு எதுவும் வேண்டாம். பரோட்டாவைக் கிள்ளி இதில் தொட்டுச் சாப்பிட்டால், அசைவக்காரர்களும் இங்கேதான் வந்து நிற்பார்கள். இதற்குக் கடையில் ரெடிமேட் வழி எதுவும் இல்லை, புளியைக் கரைக்க நேரமில்லை என்றால் பாக்கெட் புளி விழுது வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பன்னீரைப் பாக்கெட்டாக வாங்கலாம், 200 கிராம் மூன்று. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்தால் ரப்பர் தன்மை போய்விடும். மசாலாவைக் கலக்கும்போதே ஒரு பங்கைக் கோழிக்கு முன்னால் தனியாக எடுத்து வைத்தால் பன்னீருக்கும் குடைமிளகாய்க்கும் அதுவே ஆயிற்று. மூங்கில் குச்சியில் கோப்பதானால் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். மக்காச்சோளம் 8, பாதியாக உடைத்துச் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் தேய்த்தால் குழந்தைகளுக்குப் பொழுது போகும். வரிசையில் சைவம் முதலில், சுத்தமான கம்பியில். அதற்குப் பிறகுதான் கோழி. சைவக்காரர்களுக்கான இடுக்கியும் தட்டும் தனியாக இருக்கட்டும்.

பரோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு கடையிலேயே வாங்குங்கள். வீசி அடித்துச் செய்கிற அந்த வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டியதில்லை. 30 பரோட்டாவைத் தெரிந்த கடையில் காலையிலேயே சொல்லிவைத்து, நிறம் வராமல் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துத் தரச் சொல்லுங்கள், மாடியில் கரியின் மேல் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நிமிஷம் வாட்டினால் புதிது போல ஆகும். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் வரும் பாதி வெந்த பரோட்டாவும் நன்றாகவே இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூடும். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சில கடைகளில் மாவில் முட்டை சேர்ப்பார்கள். உங்கள் வீட்டுச் சைவத்தில் முட்டை உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து இது பெரிய விஷயம். இதே மாதிரி இன்னொரு பொறி குஸ்கா. செலவைக் குறைக்கப் பிரியாணிக் கடையில் குஸ்கா வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கறித் துண்டு இல்லாததால் சைவம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். அது அதே அண்டாவில் கறிச் சாற்றில் வெந்த சோறு. அசைவக்காரர்களுக்கு அருமையான குறுக்குவழி, சைவக்காரர்களுக்குத் தரக் கூடாது. அவர்களுக்குச் சோறு வேண்டுமென்றால் பாக்கெட் புளியோதரை மிக்ஸ் இருக்கிறது, நல்லெண்ணெயில் கொஞ்சம் வேர்க்கடலை வறுத்துச் சேர்த்தால் போதும்.

தொட்டுக்கொள்ள தயிர் வெங்காயம். வெங்காயத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கே நறுக்கி மூடி வையுங்கள், ஆனால் தயிரோடு கலப்பது இலை போடுகிற நேரத்தில்தான், அதுவும் பாதி பாதியாக. முன்கூட்டியே கலந்தால் நீர்விட்டு, இந்தச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். பையன்கள் மயோனைஸ் கேட்பார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது, காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். தடை இருக்கிறதோ இல்லையோ, மாடி விருந்துக்கு முட்டையில்லாத பாட்டில் மயோனைஸ் மட்டும் வாங்குங்கள், திறந்ததும் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். சட்னி, சாஸ் எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம், கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் இருக்கிற இடத்தில் அவை திறந்தபடியே மிஞ்சும்.

குடிக்க நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று, எலுமிச்சை 10, அப்புறம் நீர் மோர். நெடுஞ்சாலை ஓரத்தில் நுங்கு விற்கிற மாதம் இது, கிடைத்தால் உரித்துச் சர்பத்தில் போடுங்கள். தர்பூசணியை முழுப் பழமாக வாங்குங்கள், கடையில் வெட்டி வைத்த கீற்று வேண்டவே வேண்டாம். இனிப்புக்கு, ஆற்காடு பக்கமிருந்து யாராவது வந்தால் மக்கன் பேடா 15 வாங்கிவரச் சொல்லுங்கள். பாகில் ஊறிய இனிப்பு என்பதால் பால்கோவா மாதிரி பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் உள்ளே கோவா இருக்கிறது, அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கரி வாங்குவது பலருக்கும் புதிராக இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் அழகான பையில் வருவது தேவையே இல்லை. உங்கள் தெருவில் கரிப் பெட்டியில் இஸ்திரி போடுகிறவர் இருந்தால் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள், அவர் போகிற கடைதான் சரியான கடை. நம் பக்கம் பெரும்பாலும் வேலிகாத்தான் கரி, நன்றாகவே எரியும். தேங்காய் ஓட்டுக் கரி கிடைத்தால் சூடு அதிகம், புகை குறைவு. ஒரு துண்டைத் தரையில் போட்டுப் பாருங்கள், கணீரென்று சத்தம் வந்தால் நன்றாகக் கரியானது, மொத்தென்று விழுந்தால் உள்ளே இன்னும் விறகு, கண் எரிய எரியப் புகையும். உங்கள் அளவுக்கு 4 கிலோ போதும் என்பது என் அனுபவக் கணக்கு, காற்று பலமாக இருந்தால் அரைக் கிலோ கூடும். பற்றவைக்க தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம், கரியில் ஊறிய அந்த வாடை கோழியில் ஏறிவிடும், குப்பென்று பற்றுகிற ஆபத்து வேறு. 25, 30 நிமிஷத்தில் கரியின் மேல் சாம்பல் பூத்து, கொழுந்து அடங்கிக் கனல் மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் எதையும் மேலே வைக்காதீர்கள்.

அடுப்புக்குச் செங்கல் போதும், இரண்டு வரிசை. ஆனால் நேரடியாக மாடி ஓட்டின் மேல் கரியைக் கொட்டினால் ஓடு வெடித்துவிடும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அடியில் செங்கல் பரப்பி இரண்டு அங்குலம் மணல் கொட்டி அதன் மேல் கரி. கம்பிக்கு வேலி வலையோ பழைய பிரிட்ஜ் தட்டோ வேண்டாம், அவற்றின் மேல் துத்தநாகமோ வேறு பூச்சோ இருக்கும், சூட்டில் அது கெட்ட புகையாக வரும். வெல்டிங் பட்டறையில் 2 அடிக்கு 1 அடி பூச்சில்லாத இரும்புக் கம்பிச் சட்டம் செய்து வாங்கிவிட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும், அந்தச் செலவை நான் 3,000க்குள் சேர்க்கவில்லை. முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். சுடுவதற்கு முன் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுக் கம்பி முழுக்கத் தேய்த்தால் ஒட்டாது.

பணம். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதனால் நான் போடுவது ஒரு உத்தேசம்: கோழி கிலோ 250 என்று வைத்தால் 625, பன்னீர் 300, பரோட்டா 450, கத்திரிக்காய், வெங்காயம், குடைமிளகாய், சோளம் எல்லாம் சேர்த்து 350, தயிர் 150, மசாலாவும் விழுதும் 150, கரி 200, ஐஸ் 100, தர்பூசணி 120, சர்பத்தும் எலுமிச்சையும் 200, பாக்கு மட்டைத் தட்டு 100. இது 2,745. மிஞ்சுகிற 255 ரூபாயில் பேடாவோ, புளியோதரையோ, கூடுதல் தண்ணீர் கேனோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பணம் இடித்தால் பன்னீரை ஒரு பாக்கெட் குறைத்துக் கத்திரிக்காயைக் கூட்டுங்கள். ஐஸைக் குறைக்காதீர்கள்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு மாடியில் இரண்டு மூன்று வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள், தளத்தின் சூடு ஓரளவு இறங்கும். ஆறரைக்குப் பொழுது சாயும்போது கரியைப் பற்றவைத்தால் ஏழு மணிக்குக் கத்திரிக்காய், சோளம், பன்னீர், ஏழே முக்காலுக்குக் கோழி, எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சுட்டதை வைக்கிற தட்டு, பச்சையாக எதையும் வைத்த தட்டாக இருக்கக் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்ததும் கரியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுநாள் காலை வரை அங்கேயே விட்டு அப்புறம் அள்ளுங்கள். குளிர்ந்த மாதிரி தெரிகிற சாம்பலுக்குள் கனல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும், குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டி எரியும்.

மழை பற்றிக் கேட்டீர்கள். கோடை மழை திடீரென்று காற்றோடு வரும், பத்து நிமிஷ முன்னறிவிப்புகூட இருக்காது. அப்போது எரிகிற கரியை வீட்டுக்குள்ளேயோ மாடிப்படி அறைக்குள்ளேயோ தூக்கி வரக் கூடாது, மூடிய இடத்தில் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். கரி நனைந்து போகட்டும், விடுங்கள். கோழி ஏற்கெனவே வெந்துவிட்டது, தோசைக் கல்லைக் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, துண்டுகளைப் பக்கத்துக்கு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடித்தால் ஓரம் கருகிவிடும். பரோட்டாவும் பன்னீரும் அதே கல்லில். கத்திரிக்காயை கேஸ் அடுப்புத் தீயில் நேராகவே வாட்டலாம், அடுப்பைச் சுற்றி மட்டும் கொஞ்சம் சாம்பல் கொட்டும்.